மிச்ச நேரம் என்று ஒன்று கிடையாது

"வேலையெல்லாம் ஒழியட்டும், அப்புறம் எனக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்கிறேன்." சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலை ஒழிவதில்லை. தப்பித் தவறி ஒழிந்தாலும் அப்போது மணி பத்தரை, உடம்பில் தெம்பு இருக்காது. கை தானாகக் கைபேசியைத் தேடும், பன்னிரண்டாகிவிடும். இதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்வதில் பயனில்லை. நாளின் மிகக் களைத்த நேரத்தில் போய் ஒரு புதுப் பழக்கத்தை வைத்ததுதான் கோளாறு.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 52, வேலைக்கும் பயணத்துக்கும் 55 என்று கழித்தாலும் 61 மிஞ்சும். அது முழுசாக எங்கும் கிடப்பதில்லை, பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் திட்டம் போடும் முன் ஏழு நாள் குறித்துப் பாருங்கள். ஒரு தாளில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் நினைவு பொய் சொல்லும்: கைபேசி பார்த்த நேரம் குறையும், வேலை செய்த நேரம் கூடும். பெரும்பாலானோர் நான்காம் நாளே விட்டுவிடுவார்கள். பரவாயில்லை, ஒரு விடுமுறை நாளும் சேர்ந்த மூன்று நாள் குறிப்பே ஓரளவு போதும். அதில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: யாரும் கூப்பிடாத இருபது நிமிடம், வாரத்தில் நாலு நாளாவது ஒரே வேளையில் வருகிறதா?

அதற்கும் முன்னால் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. விடிகாலை ஐந்துக்கு எழுந்து உலகத்தை மாற்றும் திட்டங்கள் ஒரு வாரத்தில் படுத்துவிடுவதற்குக் காரணம், எழும் நேரத்தை மட்டும் மாற்றிப் படுக்கும் நேரத்தை அப்படியே விடுவதுதான். முதலில் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம். மாலைக் காப்பியையும் கவனியுங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும் (ஆளுக்கு ஆள் மாறும்). நாலு மணிக்குக் குடித்ததில் பாதி, ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

இனி பழக்கம். "காலை ஏழு மணிக்கு நடை" என்று எழுதி வைத்தால், ஏழு மணிக்கு ஒரு அழைப்பு வரும். நீங்கள் பார்க்கும்போது ஏழே கால். கடிகாரத்தை நம்பாமல், ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்: "பல் துலக்கி முடித்ததும் நடைக்கான காலணியை மாட்டுவேன்." "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்யும் இந்த முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கொக்கி போடுகிற காரியத்துக்குத் தெளிவான முடிவு இருக்க வேண்டும். "சாப்பிட்ட பிறகு" என்பது வழவழப்பு. "தட்டைக் கழுவி வைத்ததும்" என்றால் பிடிமானம் இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு வையுங்கள். நல்ல நாளுக்கு 25 நிமிடம். மோசமான நாளுக்கு 3 நிமிடம். காய்ச்சல் இல்லாத எந்த நாளிலும் செய்ய முடிவதுதான் சிறிய அளவு. உடற்பயிற்சியில் இந்தத் துண்டுகளும் வீணல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். எட்டு நிமிட வேக நடையும் கணக்கில் சேரும்.

21 நாளில் பழக்கம் படியும் என்பதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்ததில் நடுமதிப்பு 66 நாளாக வந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்ன மதிப்பீடு). அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. கெடுப்பது மறுநாள் செய்யும் பரிகாரம்தான். நேற்றையதையும் சேர்த்து 50 நிமிடம் என்று கிளம்பினால், மூன்றாம் நாள் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. தவறிய மறுநாள் 3 நிமிடம் போதும்.

படிப்புக்கோ புதுத் திறமைக்கோ ஒரே நேரத்தில் ஒரு பொருள். மொழி, நிரலாக்கம், கிட்டார் மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் மூன்றும் பாதியில் நிற்கும். இருபது நிமிடம் இருந்தால் 12 நிமிடம் படித்து, மீதி 8 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதுங்கள். அந்த எட்டு நிமிடம் எரிச்சலூட்டும், ஆனால் மனதில் தங்குவது அதனால்தான். எழுதியதை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஒருமுறை புரட்டுங்கள்.

வீட்டிலிருப்பவர்களிடம் "தொந்தரவு செய்யாதீர்கள்" என்பது எடுபடாது. "ஏழரைக்கு வந்துவிடுவேன்" எடுபடும். முடிவு தெரிந்தால் குழந்தைகூடக் கொஞ்சம் பொறுக்கும். கைக்குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு இதுகூட நடக்காது. அவர்களுக்கு வேண்டியது ஆள் மாற்று. "எப்போதாவது உதவு" என்று கேட்காமல், "செவ்வாய், வெள்ளி ஆறிலிருந்து ஆறரை வரை நீ பார்த்துக்கொள்" என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள்.

எதிலும் பிடிப்பின்மை, தூக்கக் கேடு, மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால், கால அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.