முறிகண்டி தாண்டியாச்சு

13 மே 2024, திங்கள்

எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஊழியர் பயணங்களுக்குப் பாதுகாப்பு அனுமதி தருவது என் வேலை. காலையில் கணினியைத் திறந்தால் ஏழு பயண விண்ணப்பங்கள். ஆறு வழக்கமானவை: மட்டக்களப்பு, அட்டன், காலி. ஏழாவது, வட்டாரத் தலைமையகத்திலிருந்து வரும் கணக்காய்வாளருடையது. 27ஆம் திகதி கிளிநொச்சிக்குப் போகிறார். 29ஆம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே கடைசிக் கூட்டம், அன்றிரவே கட்டுநாயக்கவில் விமானம். அட்டவணை போட்டவர் வரைபடத்தில் விரலால் அளந்திருப்பார் போல.

ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மூன்று மணிக் கூட்டம் நாலு மணிக்கு முன் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். அதற்குப் பிறகு அநுராதபுரம் புத்தளம் பாதையில் யானை, விளக்கில்லாத மாட்டு வண்டி, நெல் ஏற்றிய உழவு இயந்திரம். திருப்பி அனுப்பினேன்: அநுராதபுரத்தில் ஒரு இரவு தங்க வேண்டும், விமானத்தை 30ஆம் திகதிக்கு மாற்ற வேண்டும்.

பத்து நிமிடத்தில் போன். “நீங்கள் அனுமதி தராவிட்டால் வேலை நடக்காதே?” இந்த அலுவலகத்தில் பலருக்கு நான் முத்திரை குத்துகிறவன், அவ்வளவுதான்.

16 மே, வியாழன்

எங்கள் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஐந்துக்கு ஐந்து கட்டம். நிகழும் வாய்ப்பு ஒரு பக்கம், பாதிப்பு மறு பக்கம். இரண்டையும் பெருக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு. முதல் வரிசை பயங்கரவாதம், அடுத்தது கடத்தல், பிறகு ஆயுத மோதல். வீதி விபத்து பதினோராவது வரிசையில், பாம்புக்கடிக்கு மேலே. படிவம் எழுதினவருக்கு இலங்கைப் பஸ்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் எங்கள் வாகனங்களை யாரும் சுட்டதில்லை. மூன்று தடவை மோதியிருக்கிறது. மூன்றும் இரவில், மூன்றும் வீடு திரும்பும் வழியில்.

பின்னேரம் நிர்வாகப் பொறுப்பாளர் மேசைக்கே வந்துவிட்டார். கணக்காய்வாளர் தானே விரும்பி இரவில் வருகிறார், “என் பொறுப்பில் வருகிறேன்” என்று எழுதி ஒப்பமிட்டால் போதாதா என்று கேட்டார். ஒஸ்லோ நீதிமன்றக் கதையைச் சொன்னேன். 2012இல் கென்யாவின் டடாப் அகதி முகாமில் நோர்வே அகதிகள் பேரவையின் ஊழியர்கள் நான்கு பேர் கடத்தப்பட்டு, நான்கு நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் வழக்குப் போட்டார். 2015இல் நீதிமன்றம், நிறுவனம் பாரதூரமாகக் கவனம் தவறியது என்று தீர்ப்பளித்து ஏறத்தாழ 44 இலட்சம் குரோனர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆபத்தான இடம் என்று தெரிந்துதான் போனார் என்பது நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

இவர் தலையாட்டினார். குரோனர் கணக்குத்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். அந்தச் சம்பவத்தில் சுடப்பட்டு இறந்தவர் ஒரு கென்யச் சாரதி. அதையும் சொன்னேன். அதற்குள் அவருடைய போன் அடித்துவிட்டது.

விமானம் மாறிவிட்டது. அநுராதபுரத்தில் இரண்டு அறை பதிவு.

18 மே, சனி

இந்தக் கிழமை அவசர போன் என்னிடம். ஒரு கோலும் இல்லை.

முல்லைத்தீவுக்காரத் தங்கச்சி ஒருத்தி எங்கள் திட்டப் பிரிவில் வேலை செய்கிறாள். நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் ஏன் போவாள் என்று கேட்கத் தேவையில்லை. அவள் போன பஸ் எது, எப்போது சேர்ந்தாள் என்பது என் பதிவேட்டில் இராது. விடுப்பில் போவது “பயணம்” அல்ல. வெளிநாட்டு அலுவலர் வார இறுதியில் அறுகம்பைக்குக் கடலில் குளிக்கப் போனால் அது பதிவாகும்.

2005இல் சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ரேடியோ ரூமில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வெள்ளைப் பலகையில் வாகன இலக்கம், புறப்பட்ட நேரம், கடைசியாகப் பேசிய இடம். மணிக்கொரு தடவை கூப்பிட வேண்டும். அடுத்த வருடம் ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான அக்‌ஷன் கொன்ரர் லா ஃபாம் அலுவலகத்தில் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். பதினேழு பேரும் இந்த நாட்டுக்காரர். செய்தி வந்த அன்று எங்கள் ரேடியோ ரூமில் யாரும் பேசவில்லை. பலகையில் இருந்த பெயர்களை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கு மேல் எழுத இன்றைக்கு மனமில்லை.

22 மே, புதன்

கணக்காய்வாளர் கொழும்பில் கோப்புகளைப் பார்த்து முடித்துவிட்டார். இன்று அவருக்குப் பாதுகாப்பு விளக்கம். நல்ல மனிதர். முன்பு வேறெங்கோ பயிற்சி எடுத்திருக்கிறார். கண்ணைக் கட்டி வானில் ஏற்றி, போலி இரத்தம் பூசி, துப்பாக்கிச் சத்தம் கேட்கவைக்கும் பயிற்சி. அதை உற்சாகமாகச் சொன்னார்.

உயிர்த்த ஞாயிறு பற்றிக் கேட்டார். 2019 ஏப்ரல் 21, மூன்று தேவாலயத்திலும் மூன்று பெரிய ஹொட்டேலிலும் குண்டு. அன்று எங்களுக்கு வந்த கஷ்டத்தைச் சொன்னேன்: எல்லோரும் பத்திரமா என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அரசாங்கம் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் முடக்கிவிட்டது. குழுவில் எண்பது பேர் இருந்தும் பாதிப் பேரின் நேரடி இலக்கம் யாரிடமும் இல்லை. அதற்குப் பிறகுதான் அச்சடித்த தாளும் குறுஞ்செய்தியும் கட்டாயமானது. கண்ணிவெடி பற்றியும் கேட்டார். முகமாலைப் பக்கம் அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது, பலகை கண்டால் ரோட்டை விட்டு இறங்க வேண்டாம் என்றேன்.

கதவுக்கு வெளியே எங்கள் மூத்த சாரதி நின்றுகொண்டிருந்தார். அவர்தான் ஓட்டப்போகிறவர், ஆனால் விளக்கத்துக்குச் சாரதியை அழைக்கும் வழக்கம் இங்கே இல்லை. “அண்ணை, உள்ளுக்கு வாங்கோ” என்றேன். கதிரையின் நுனியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி:

“தம்பி, கிளிநொச்சியில அவருக்கு ஹொட்டேல் போட்டிருக்கு. எனக்கு?”

நிர்வாகத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். இதை எழுதும்போது அந்தப் பதில் நல்லாயில்லை என்று தெரிகிறது.

23 மே, வியாழன்

வெசாக். காலி வீதி அசையவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு நடந்தே போய் வந்தோம். தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலில் சின்னவன் மூன்று ஐஸ்கிரீம்.

27 மே, திங்கள்

அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டார்கள். எட்டே முக்காலுக்குப் புத்தளம். பத்தரைக்கு அநுராதபுரம். பன்னிரண்டுக்கு முன் வவுனியா. ஒரு மணிக்குச் செய்தி: “முறிகண்டி தாண்டியாச்சு.”

இந்த முறிகண்டி என்னுடைய சின்னக் கெட்டித்தனம். முன்பு கையேட்டில் ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் தகவல் தர வேண்டும் என்று இருந்தது. ஒருவரும் செய்வதில்லை. ஓடும்போது யார் கிலோமீற்றர் எண்ணுவார்? ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். சிங்களச் சாரதிகளும் அப்படித்தான். அதையே தகவல் சொல்லும் இடமாக்கினேன். இன்றுவரை ஒருவரும் மறந்ததில்லை.

29 மே, புதன், இரவு 11.20

கை இன்னும் முழுதாக நிதானத்துக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கூட்டம் நீண்டு, நாலு மணிக்குத்தான் கிளம்பினார்கள். நாலேகாலுக்கு முறிகண்டி. ஐந்தே முக்காலுக்கு வவுனியா. ஏழு மணிக்கு அநுராதபுரம் என்று கணக்கு. ஏழானது. ஏழரையானது. அண்ணையின் போன் அணைந்திருந்தது. கணக்காய்வாளரின் ரோமிங் இலக்கம் அடித்துக்கொண்டே போய் நின்றது. ஹொட்டேலில் கேட்டால் யாரும் வரவில்லை என்றார்கள்.

வாகனத்தின் ஜீ.பி.எஸ். புள்ளி மதவாச்சிக்குத் தெற்கே ரோட்டோரமாக நின்றது. ஆறு முப்பத்தைந்திலிருந்து அசையவில்லை. நிற்கிற புள்ளியைப் போல மோசமான சாமான் வேறில்லை. வாகனம் தேநீர்க் கடையில் நின்றாலும் அதே புள்ளி, மரத்தில் மோதி நின்றாலும் அதே புள்ளி.

நடைமுறை எனக்கு மனப்பாடம். அரை மணி தாமதம் என்றால் சாரதி, பிறகு பயணி, பிறகு தங்குமிடம், பிறகு குடும்பம், பிறகு அந்தப் பகுதிப் பொலிஸ். ஊழியர் தகவல் தாளைத் திறந்தேன். கணக்காய்வாளருக்கு மனைவி, அண்ணன், இரத்த வகை, ஒவ்வாமை, காப்புறுதி இலக்கம் எல்லாம் இருந்தது. அண்ணையின் பக்கத்தில் “அவசரத் தொடர்பு” என்ற இடத்தில் ஒரு கைபேசி இலக்கம். அடிக்கத் தொடங்கி, ஆறாவது இலக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அது என் கையில் இருந்த போனின் இலக்கம். அலுவலக அவசர போன். படிவம் நிரப்பிய யாரோ, காலியாக விடக் கூடாதென்று எங்கள் இலக்கத்தையே போட்டிருக்கிறார்கள். அதன் கீழே சரிபார்த்ததாக ஒப்பமிட்டிருப்பது நான்.

மனைவி கதவோரம் வந்து நின்றா. “என்னப்பா?” ஒன்றுமில்லை என்றேன். ரேடியோ ரூம் காலத்தில் சொன்ன அதே பொய்.

மதவாச்சிப் பொலிஸுக்கு எடுத்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். ஒன்பது ஐந்துக்கு, தெரியாத இலக்கமொன்றிலிருந்து கோல்.

“தம்பி, நான்தான். ஒண்டுமில்லை. நித்திரை தூக்கிச்சுது, கடையொண்டடியில நிப்பாட்டினனான். பத்து நிமிசமெண்டு ஸ்ரேரிங்கில தலை வைச்சது…”

பத்து நிமிடம் இரண்டரை மணித்தியாலம் ஆகிவிட்டது. அவருடைய போன் சார்ஜ் இறங்கிச் செத்துவிட்டது. வாகனத்துச் சார்ஜரில் மற்றவரின் கணினி. கணக்காய்வாளர் தன் போனைப் பையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கடை வாங்கிலில் இருந்து நான்கு பிளேன்டீ குடித்திருக்கிறார். எங்கள் இலக்கங்கள் அச்சடித்த அட்டை அவருடைய பெட்டிக்குள். ஏன் எழுப்பவில்லை என்று பிறகு கேட்டேன். “அவ்வளவு களைப்பாகத் தூங்கும் ஒருவரை எப்படி எழுப்புவது?” என்றார். பயிற்சியில் இது வராது.

பொலிஸுக்கு எடுத்து நன்றி சொன்னேன். அண்ணையும் கணக்காய்வாளரும் பத்தேகாலுக்கு அநுராதபுரம் சேர்ந்துவிட்டார்கள். இரவு ஓடக் கூடாது என்ற என் விதி அங்கே உடைந்தது. வேறென்ன செய்ய, கடையில் படுக்க முடியாது.

31 மே, வெள்ளி

அண்ணை வந்தார். கோபத்தை எதிர்பார்த்து வந்த முகம். கண் சொருகினால் நிப்பாட்டச் சொல்லி நாங்கள்தானே வருடா வருடம் படிப்பிக்கிறோம், அதை ஒருவர் செய்தால் ஏசுவதா? பிளேன்டீ எடுத்து வரச் சொன்னேன்.

கிளிநொச்சியில் இரண்டு இரவும் வாகனத்துக்குள் படுத்திருக்கிறார். தங்குவதற்கான படிக் காசு பற்றுச்சீட்டுக் காட்டின பிறகுதான் வரும், அதற்கு ஆறு கிழமையாவது எடுக்கும். கைக்காசு போட்டு அறை எடுக்க இந்த மாதம் வசதியில்லை. மகளுக்குப் பரீட்சைக் கட்டணம். “சீற்றைச் சரிச்சால் நல்லாத்தான் இருக்கும் தம்பி, நுளம்புதான்.” டெங்கு வரலாம் என்று நான் கணக்காய்வாளருக்கு நுளம்புத் தைலம் கொடுத்துவிட்டிருந்தேன்.

சம்பவ அறிக்கை எழுதினேன். சம்பவ வகை என்ற இடத்தில் பதினான்கு தெரிவு. சாரதி தூங்கினார் என்பது எதிலும் பொருந்தவில்லை. “ஏனையவை” போட்டு, பரிந்துரையில் ஒன்றே ஒன்று: சாரதியின் தங்கும் படி புறப்படும் முதல் நாளே கையில், அறையை நாங்களே பதிவு செய்வது. நிதிப் பிரிவு கொள்கையில் இடமில்லை என்றது. கணக்காய்வாளர் விமானம் ஏற முன் தன்னுடைய அறிக்கையிலும் அதை ஒரு வரி எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓடிட்டர் எழுதினால் கொள்கையில் இடம் வரும்.

பின்னேரம் சாரதிகள் ஒன்பது பேரிடமும் வீட்டு இலக்கம் வாங்கினேன். ஆறு பேருக்கு எங்கள் அவசர போன்தான் போட்டிருந்தது. ஒருவர் தர மாட்டேன் என்றார். அவர் தூர ஓட்டம் ஓடுவது வீட்டுக்காரிக்குத் தெரியாதாம், நெஞ்சு வருத்தக்காரி. மைத்துனரின் இலக்கம் தந்தார். சரி, அதுவும் இலக்கம்தான்.

2 ஜூன், ஞாயிறு

விடிய முதல் அடைமழை. களனி கங்கை ஏறுகிறது. கடுவெல, ஹங்வெல்ல, கொலன்னாவைப் பக்கமெல்லாம் தண்ணீர். நாளை பள்ளிக்கூடங்கள் இல்லை.

பத்து மணிக்குத் தலைக்கணக்கு தொடங்கினேன். குறுஞ்செய்தி, பதில் இல்லாதவர்களுக்குக் கோல். ஒரு மணிக்குள் எண்பத்து மூன்று பேரும் பச்சை. தாளை மூடப் போனபோது, எங்கள் தளத்தைக் கூட்டுகிற அக்கா கொலன்னாவை என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அவ ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் பட்டியலில் இல்லை. ஒப்பந்தக்காரரின் போன் எடுபடவில்லை. காவலாளியிடம் கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு, மூன்றே காலுக்கு இலக்கம் கிடைத்தது.

மூன்றாவது தடவை எடுத்தா. பின்னால் பிள்ளைகளின் சத்தம், தகரத்தில் மழை. பன்சலையில், பௌத்த விகாரையில், இருக்கிறாவாம், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணி. அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது.

“நாளைக்கு வரச் சொல்லியா சேர் எடுத்தீங்க? கொஞ்சம் லேட்டாகும், ஆனா வாறன்.”

இல்லை அக்கா, பத்திரமா என்று கேட்கத்தான் எடுத்தேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும். பிறகு, சம்பளத்தில வெட்டுவாங்களா என்று கேட்டா. அதை நாளைக் காலை ஒப்பந்தக்காரரிடம் நான் பேச வேண்டும். இலக்கத்தை எண்பத்து நான்காவது வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.