ஓடிப் போய்ச் சுட்ட கதை

காலை நாலரைக்கு ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கிலிருந்து நானும் நண்பனும் போட்டிக்குக் கிளம்பினோம். டிக்கியில் ஒரு ரைஃபிள், ஒரு பிஸ்டல், முந்நூறு தோட்டா. பின் சீட்டில் அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்ப்பொடி இட்லி. ஊரிலிருந்து வந்து மூன்று மாதமாக எங்களோடுதான் இருக்கிறார், முந்தின ராத்திரியிலிருந்தே "எதுக்குப்பா உனக்கு இந்த வேண்டாத வேலை" என்று கேட்டபடி இருந்தார். அவருக்குத் தெரிந்த துப்பாக்கி ஒன்றே ஒன்று, தாத்தா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல். தேர்தல் தேதி வந்துவிட்டால் தாத்தா அதைக் கோணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், ரிசல்ட் வந்தபின் திரும்ப எடுத்து வருவார். அது சுட்டதை விட ஸ்டேஷனுக்குப் போய்வந்ததுதான் அதிகம் என்பார் அம்மா.

டெக்ஸாஸ் வந்தால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்று ஊரில் நினைக்கிறார்கள். எச்1பி விசாவில் இருந்த ஒன்பது வருஷமும் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் கையில் துப்பாக்கி இருந்தால் அது மத்திய சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்குகள் தவிர. கிரீன் கார்டு வந்த பிறகுதான் மதுரைக்கார நண்பன் என்னை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் மைதானத்துக்கு, இழுத்துப் போனான். அவன் இந்த 'ரன் அண்ட் கன்', அதாவது ஓடிப் போய் நடுநடுவே நின்று சுடும் போட்டிகளுக்கு நாலு வருஷமாகப் போகிறவன். எனக்கு இருந்த ஒரே தகுதி, கல்லூரி என்சிசியில் பாயிண்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டா ரைஃபிளை வைத்துப் படுத்துக்கொண்டு 25 மீட்டரில் சுட்டதுதான். அதுவும் பாதி நாள் பரேடுக்குப் போனது பூரி கிழங்குக்காக.

ஒலிம்பிக்கில் பனியில் சறுக்கிப் போய்ச் சுடுவார்களே, பயத்லான், அதன் முரட்டுத் தம்பி இது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பாயிண்ட் டூ டூ ரைஃபிள், 50 மீட்டர் தூரம், படுத்துச் சுடும்போது குறி 45 மில்லிமீட்டர், அதாவது ஒரு எலுமிச்சம்பழம், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர், ஒரு பெரிய இட்லி. பல போட்டிகளில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. ஆனால் 1960-ல் அது ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ராணுவ ரகப் பெரிய தோட்டாதான், தூரம் 250 மீட்டர் வரை. 1978-ல்தான் பாயிண்ட் டூ டூவுக்கு மாறினார்கள். அப்படிப் பார்த்தால் டெக்ஸாஸ் பண்ணைக்காரர்கள் பழைய வழியில்தான் இருக்கிறார்கள், பனிதான் இல்லை.

290-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து ஜான்சன் சிட்டி, ஸ்டோன்வால், பிரெடரிக்ஸ்பர்க். 1846-ல் ஜெர்மானியர்கள் உண்டாக்கிய ஊர், விடியற்காலையில் பேக்கரி வாசனை காருக்குள்ளேயே வருகிறது, நிறுத்த நேரமில்லை. அங்கிருந்து வடமேற்கே 87-ல் மேசன் பக்கம் திரும்பினால் மண் மாறுகிறது, சுண்ணாம்புக்கல் போய் இளஞ்சிவப்பு கிரானைட் தலைகாட்டுகிறது. ஆஸ்டினில் சட்டமன்றக் கட்டடம் எழுப்பியிருப்பது இந்த நிறக் கல்லில்தான். மார்ச் கடைசி, சாலை ஓரமெல்லாம் நீலப் பூ. போட்டி நடக்கும் பண்ணை கேட்டில் பெயர்ப்பலகைகூட இல்லை, ஒரு ஆரஞ்சு ரிப்பன் மட்டும்.

பாதுகாப்பு விளக்கம் முக்கால் மணி நேரம். கொட்டாவி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. துப்பாக்கி கீழே விழுந்தால் அத்தோடு வெளியே. குழல் தப்பான பக்கம் திரும்பினால் வெளியே. ஓடும்போது சேம்பரில், அதாவது சுடத் தயாராகக் குழலுக்குள், தோட்டா இருக்கக் கூடாது, இருந்தால் வெளியே. கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரி இருந்த ஒரு ரேஞ்ச் ஆபீசர் அம்மாள், எழுபது வயசிருக்கும், இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னார், ஆனால் அந்த 'வெளியே' வரும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

மொத்தம் ஆறரை கிலோமீட்டர், நடுவில் ஐந்து ஸ்டேஜ், அதாவது நின்று சுடும் இடங்கள், 58 பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒருத்தராக அனுப்புகிறார்கள், அதனால் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை, காட்டுக்குள் தனியாகத்தான் ஓட வேண்டும். ஓட்ட நேரத்துக்குத் தனி மதிப்பெண், சுடும் நேரத்துக்குத் தனி. ஒவ்வொரு ஸ்டேஜிலும் நாலு நிமிடத்துக்குள் எல்லா இரும்புத் தகட்டையும் அடித்தாக வேண்டும், அடிக்காவிட்டால் அந்த ஸ்டேஜ் போச்சு. என் முறை ஒன்பது இருபதுக்கு. நண்பன் காதுக்குப் பக்கத்தில் வந்து, "மாப்ள, கடைசி நூறு மீட்டர் நடந்து போ. ஓடிப் போய் நின்னேன்னா ட்ரிக்கரை உன் நெஞ்சுதான் அமுக்கும்" என்றான். சரி சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டினதோடு சரி. பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி முதல் ஸ்டேஜ் வரைக்கும் ஓடினேன். மூன்று கிலோவுக்கு மேல் ரைஃபிள் ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பெலும்பில் ஒரு இடி, ஸ்லிங் வார் கழுத்தை அறுக்கிறது, நடுவில் ஒரு ஓடையில் முழங்கால் வரை இறங்கி ஏறியதில் ஷூவுக்குள் சளக் சளக். முதல் ஸ்டேஜ் பிஸ்டல்தான், பன்னிரண்டு மீட்டரில் ஆறு தகடு, சாப்பாட்டுத் தட்டு அளவு, ரேஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஸ்டாண்ட் பை, பீப். பிஸ்டலை நீட்டினால் குறிமுள் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குத் தானாகப் போய்வருகிறது. கண்ணாடி வேறு மூச்சில் ஆவி பிடித்துக்கொண்டது. ஆறு தகட்டுக்கு முப்பத்தோரு தோட்டா, மூன்று நிமிடம் நாற்பது நொடி. ரேஞ்ச் ஆபீசர் தரையில் சிதறிக் கிடந்த தோட்டா உறைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்ல வெயில்" என்றார்.

பெயரில்தான் ஓடிக்கொண்டே சுடுகிற மாதிரி இருக்கிறது. உண்மையில் ஓட்டத்துக்கும் சுடுவதற்கும் நடுவில் இருபது முப்பது நொடி இருக்கிறதே, அங்கேதான் விளையாட்டே. அது எனக்குப் புரிய இரண்டு ஸ்டேஜ் வீணாய்ப் போனது. இரண்டாவதில் ஐம்பது பவுண்டு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு ரைஃபிளில் சுட வேண்டும், அதில் நேரமே முடிந்துவிட்டது, இரண்டு தகடு அப்படியே நின்று என்னைப் பார்த்தன.

மூன்றாவதுக்கு நடந்தே போனேன். வெட்கம் பார்க்காமல், சீடர் மர நிழலில், மூக்கால் இழுத்து வாயால் விட்டு. இங்கே 300 மீட்டரில் ஒரு வெள்ளைத் தகடு, சின்ன மேட்டில் படுத்துச் சுட வேண்டும். படுத்ததும் ஸ்கோப்புக்குள் குறி மேலும் கீழும் போகிறது, பார்த்தால் அது என் நாடித்துடிப்பு, எண்ணவே முடிந்தது. மூச்சை விட்டு முடித்ததும் ஒரு சின்ன இடைவெளி வருகிறது, அடுத்த மூச்சு தொடங்கும் முன்னால், அப்போது குறி தகட்டில் வந்து உட்காருகிறது. அழுத்தினேன். ஒன்றும் இல்லை. தவறிவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குத் தயாராகும்போது, தூரத்தில், யாரோ டிபன் பாக்ஸைக் கரண்டியால் தட்டின மாதிரி 'டங்'. தோட்டா போய்ச் சேர, அந்தச் சத்தம் திரும்பி வர, இரண்டும் சேர்ந்து ஒரு நொடிக்கும் கொஞ்சம் மேலாகிறது. அந்த ஒரு நொடிக்காகவே இன்னொரு தடவை போகலாம். மூன்று 'டங்' வேண்டும், நாலு தோட்டாவில் முடித்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவதில் சிமெண்ட் குழாய்க்குள் தவழ்ந்து வெளியே வந்து சுடுவது. வெளியே வந்த இடத்தில் சப்பாத்திக்கள்ளி. நம்மூர் வேலியோரத்துக் கள்ளிக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான், சொந்த ஊரில் திமிர் இன்னும் ஜாஸ்தி. முழங்கையை அதன் மேலேயே ஊன்றியிருக்கிறேன், அப்போது தெரியவில்லை. ஐந்தாவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முடிந்தது. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் பாதி ஓட்டம், பாதி நடை. எனக்குப் பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்பின ஒரு பெண், பதினெட்டு வயசிருக்கலாம், குட் ஜாப் என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனாள்.

மதியம் பண்ணையில் பிரிஸ்கெட் என்கிற மாட்டிறைச்சி விருந்து. நான் சனிக்கிழமை அசைவம் தொடமாட்டேன். பீன்ஸாவது சாப்பிடலாமே என்று எடுத்தால் அதற்குள்ளும் மாட்டிறைச்சித் துண்டு. டிக்கியைத் திறந்து அதில் உட்கார்ந்து மிச்ச இட்லியைத் தின்றேன். அந்த ரேஞ்ச் ஆபீசர் அம்மாள் வந்து, இது என்ன சிவப்பாக என்று மிளகாய்ப்பொடியை ஒரு விரலில் தொட்டு நக்கினார், தும்மினார், மறுபடி தொட்டார்.

முடிவு ராத்திரி வந்தது. 58 பேரில் 49. சுடுவதில் அதைவிடக் கீழே. மூன்றாவது ஸ்டேஜில் மட்டும் பதினொன்றாவது. நண்பனுக்கு ஆறாவது இடம், அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை முழங்கை வீங்கிவிட்டது. அம்மா ஜன்னலோரம் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஊக்கால் நெம்பினார். கண்ணுக்குத் தெரியாத பொடிமுள், ஒவ்வொன்றாகப் பதினேழு வந்தது. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்தார்.

"சுடத்தானே போனே? முள்ளு ஏன்டா குத்துச்சு?"

குழாய்க்குள் தவழ்ந்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதினெட்டாவது முள் கிடைத்துவிட்டது.