கொலுப்படி, மாறுவேடம், மழை லீவு

காலாண்டுத் தேர்வு முடிகிற வாரத்திலிருந்து கார்த்திகை பிறக்கிற வரைக்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை வந்து விழும். லீவு, கொலு, சரஸ்வதி பூஜை, தீபாவளி, நவம்பர் 14-க்கு மாறுவேடம், இதற்கு நடுவே வடகிழக்குப் பருவமழை. முதலில் செய்ய வேண்டியது, காலண்டரையும் பள்ளி டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2025-ல் சரஸ்வதி பூஜை அக்டோபர் 1, விஜயதசமி காந்தி ஜெயந்தியன்றே வந்தது, தீபாவளி அக்டோபர் 20. கொலுவின் பின்பாதி காலாண்டு லீவிலேயே அடங்கிவிட்டது. 2026-ல் சாந்திரமானக் கணக்கில் (நிலவை வைத்துப் போடும் மாதக் கணக்கு) ஒரு மாதம் கூடுவதால் எல்லாம் தள்ளிப்போய், சரஸ்வதி பூஜை அக்டோபர் 19, தீபாவளி நவம்பர் 8. அதாவது கொலு பெரும்பாலும் பள்ளி நாட்களில் வருகிறது. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் குழந்தைகள் தினம். தீபாவளி நெருக்கத்தில் எந்தத் தையல்காரரும் மாறுவேட உடுப்பைக் கையில் வாங்க மாட்டார். துணியை ஆயுத பூஜைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

ஊருக்குப் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் பழக்கத்தில் தேடினால் ஒன்றும் காட்டாது.

கொலுவுக்கு வருவோம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று படி அல்லது ஐந்து படி போதும். ஒன்பது படி வைத்துவிட்டு ஒன்பது நாளும் "தொடாதே" என்று கத்துவதில் யாருக்கும் பயனில்லை. கீழ் இரண்டு படி எப்படியும் அவர்கள் கைக்கு எட்டும், ஆகவே அந்த இரண்டையும் அவர்களுக்கே விட்டுவிடலாம். கனமான மண் பொம்மைகள் மேலே. மரப்பாச்சி, மர பொம்மைகள், செட்டியார் கடை எல்லாம் கீழே. செட்டியார் முன்னால் வைக்கிற அரிசி, பருப்பு, வெல்லத்தை நிரப்பும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். வெல்லத்தை மட்டும் இரவில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலையில் எறும்பு வரிசைதான் கொலு பார்க்க வந்திருக்கும்.

படிக்கு விரிக்கிற எட்டு முழ வேட்டியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேல் படியிலிருந்து கீழே இறக்கி, ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் துணியை அழுத்திச் செருகி, பக்கவாட்டில் பின்பக்கமாக ஊசி குத்த வேண்டும். மூலையில் செருகாமல் விட்டால் துணி தொங்கலாக நின்று, பொம்மை அதன்மேல் சாய்ந்து நிற்கும். அடிப்படியில் துணி தரையில் புரளக் கூடாது. தவழ்கிற குழந்தை அந்த நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மேல் படி தசாவதாரம் வரை கீழே வரும். மிச்சத் துணியை அடிப்படிக்குக் கீழே மடித்துச் செருகிவிடுங்கள். குத்துவிளக்கு துணியிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். பட்டுப் பாவாடைக் குழந்தைகள் உட்காரும் பக்கத்தில் வேண்டாம். சீரியல் பல்பு ஒயர் படிக்குப் பின்னாலேயே போகட்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மண் பொம்மையின் வண்ணம் பெரும்பாலும் தண்ணீரில் கரைவது. மூக்கும் கண்ணும் துணியோடு வந்துவிடும். காய்ந்த பெயிண்ட் பிரஷ்தான் சரி. ஐந்து வயதுப் பிள்ளையும் இதைச் செய்யும்: தரையில் பாய், ஒரு நேரத்தில் ஒரு பொம்மை, அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும், கையையோ கழுத்தையோ பிடிக்கக் கூடாது. ஒடிந்த விரலை வெள்ளைப் பசையில் ஒட்டலாம். உதிர்ந்த இடத்தை, ஊறவைத்த காகிதத்தைப் பிழிந்து அதே பசையில் குழைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு வண்ணம் பூசலாம்.

கொலுவின் முன்னால் பச்சை முளையில் சின்ன பார்க் வைப்பதென்றால் கொலுவுக்கு நாலு நாள் முன்பே கடுகு தூவிவிட வேண்டும். ஓரம் வைத்த தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்து பரப்பி, கடுகைத் தூவி, தண்ணீரைத் தெளிக்க மட்டும் செய்யுங்கள். ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கி, நடுவில் வழுக்கை விழும். இரண்டு மூன்று நாளில் முளைக்கும். பிள்ளைகள் ஆசையில் மணிக்கொரு தரம் தண்ணீர் விட்டால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், காலை ஒரு தரம் மாலை ஒரு தரம் போதும். முளைகள் ஜன்னல் பக்கம் சாய்ந்தால் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். ஏன் சாய்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல அதுதான் நல்ல நேரம்.

சுண்டல் கணக்கில் பயப்பட ஒன்றுமில்லை. கால் கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். சின்னக் கப்பில் பத்து பேருக்குக் கொடுக்கலாம். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வேண்டும், வேகவைக்கும்போதே உப்புப் போட வேண்டும். தாளிக்கும்போது போட்ட உப்பு தோலோடு நின்றுவிடும், உள்ளே சப்பென்று இருக்கும். ஊறப்போட மறந்த நாளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஹாட்பாக்ஸில் இரண்டு மணி நேரம் மூடி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம், விசில் இரண்டு கூடுதலாக விட வேண்டும். அதைவிட அன்றைக்குப் பாசிப்பருப்புக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம். அரை மணி ஊறல், திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் போல வேகல், விரலில் நசுக்கினால் உடைய வேண்டும், மசியக் கூடாது. அந்தப் பதத்தில் உடனே வடிகட்டித் தட்டில் பரப்பிவிடுங்கள். பாத்திரத்திலேயே விட்டால் சொந்தச் சூட்டில் வெந்து பொங்கலாகிவிடும்.

தேங்காய் துருவிப் போட்ட சுண்டலைச் சூட்டோடு கவரில் கட்டி வெற்றிலை பாக்குடன் கொடுப்பதுதான் ஊசிப்போவதற்கு முக்கியக் காரணம். ஆறவிட்டுக் கட்ட வேண்டும். மறுநாள் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டியதென்றால் தேங்காயே வேண்டாம். வரமிளகாயைக் கிள்ளிப் போடாமல் முழுசாகப் போட்டால் குழந்தைகள் பார்த்து ஒதுக்குவார்கள். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கடலையும் வேர்க்கடலையும் தொண்டையில் சிக்கும், மசித்துக் கொடுங்கள்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்குமுன், லீவு முடிந்து கொடுக்க வேண்டிய ஹோம்வொர்க் பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அடுக்கின் அடியில் கணக்கு நோட்டு மாட்டிக்கொள்ளும், மறுபூஜை வரை எடுக்க முடியாது. மேல் புத்தகத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சந்தனம் குங்குமத்தை அதன்மேல் வையுங்கள். மஞ்சள் கறை பிடித்த அட்டை வருஷம் முழுக்க அப்படியே இருக்கும்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எடுத்து வைக்கும்போது முதல் சுற்று பழைய பருத்தித் துணியாக இருக்க வேண்டும். செய்தித்தாளின் மை புது வண்ணத்தில் ஏறும், அது இரண்டாம் சுற்றுக்கு. பெட்டி மேல் "3-ம் படி, கல்யாண செட்" என்று எழுத வைக்க, எழுதக் கற்ற பிள்ளை இருந்தால் போதும். நாப்தலீன் உருண்டை போடுவதை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள், மிட்டாய் என்று வாயில் போட்டால் விஷம்.

தீபாவளியைப் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள், இரண்டு விஷயம் போதும். தமிழ்நாட்டில் 2018 முதல் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அடுத்தது, காயம் பெரும்பாலும் பெரிய வெடியால் வருவதில்லை. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைத் தரையில் போடுகிறோம். சிவப்பு மறைந்த கம்பி பார்க்கக் குளிர்ந்ததுபோல இருக்கும், வெறுங்காலோடு ஓடி வரும் குழந்தை அதை மிதிக்கும். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் வைத்து, கம்பி முடிந்ததும் அதில் போட்டால்தான் அடுத்த கம்பி என்று சட்டம் போட்டுவிடுங்கள். செருப்பு, பருத்தி உடுப்பு. நைலான் உருகித் தோலில் ஒட்டும். பற்ற வைத்துப் பிடிக்காத புஸ்வாணத்தைக் குனிந்து பார்க்கவே கூடாது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். இங்க், பேஸ்ட், வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

மாறுவேடத்துக்குப் பலரும் பாரதியாரைத் தேர்ந்தெடுப்பது கோட்டும் தலைப்பாகையும் வீட்டில் கிடைப்பதால்தான். தலைப்பாகையை மேடை ஏறும் நேரத்தில் கட்டினால் நிச்சயம் அவிழும். பழைய தொப்பி ஒன்றின்மேல் இரண்டு மீட்டர் மல் துணியைச் சுற்றி நூலால் தைத்துவிட்டால் போட்டுக் கழற்றலாம். மீசையைக் கண்மையால் வரையுங்கள். ஒட்டு மீசையின் பசை சில குழந்தைகளுக்கு அரிக்கும், வியர்த்தால் பாதி வசனத்தில் தொங்கும். திருவள்ளுவர் தாடிக்குப் பஞ்சைக் கன்னத்தில் ஒட்டினால் வாயைத் திறந்ததும் விழும். வலைத்துணியில் பஞ்சைத் தைத்து, இரு காதுக்கும் எலாஸ்டிக் போடுங்கள். சேஃப்டி பின் வரும் இடத்திலெல்லாம் வெல்க்ரோ. மறக்காமல் பார்க்க வேண்டியது கழிப்பறை விஷயம். பத்து மணிக்கு வேடம் போட்டு, பெயர் கூப்பிடும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். வேட்டிக்கு உள்ளே அரைக்கால் சட்டை, மேலே வெல்க்ரோ வேட்டி என்றிருந்தால் ஆசிரியை ஒருவரே கழற்றி மாட்டிவிடலாம்.

எல்.கே.ஜி. பிள்ளைக்கு நாலு வரி வசனம் போதும், அதுவும் எந்த வரியில் நின்றாலும் முடிந்ததுபோல இருக்க வேண்டும். முழு வேடத்தோடு வீட்டில் இரண்டு முறை சொல்ல வையுங்கள். பல குழந்தைகள் மேடையைப் பார்த்து அழுவதில்லை, முகத்தில் ஏறிய தாடியைத் தாங்காமல்தான் அழுகின்றன. வேடத்தில் ஆசை உள்ள பிள்ளைக்கு ஒரு தரம் தசரா நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தைக் காட்டலாம். காளியும் குறவனும் குரங்கும் தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கி நடப்பார்கள். சூரசம்ஹார இரவுக் கூட்டத்துக்குச் சின்னக் குழந்தையோடு வேண்டாம், இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள்.

வெளியே போவதற்கு மாதம் பார்க்க வேண்டும். காலாண்டு லீவில் வேடந்தாங்கல் போனால் பெரும்பாலும் வறண்ட ஏரிதான். மழையில் ஏரி நிறைந்த பிறகே பறவைகள் கூடு கட்ட வரும், டிசம்பர் ஜனவரி சரியான சமயம். பகலில் இரை தேடிப் போய்விடுவதால் மாலை நாலு மணிக்கு மேல் போக வேண்டும். செப்டம்பர் கடைசிக்கு வண்டலூர் உண்டு (செவ்வாய் விடுமுறை). மழை பிடித்துக்கொண்டால் எழும்பூர் அருங்காட்சியகம், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அருவிகளை ஐப்பசியில் நம்ப வேண்டாம். 2024 மே மாதமே பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துச் சென்றது, வடகிழக்கு மழையில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் மலை ரயில் இந்த மாதங்களில் மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும், அதை மட்டும் நம்பிப் பயணம் போட வேண்டாம்.

மழை லீவைக் கலெக்டர் பல சமயம் விடிந்த பிறகுதான் அறிவிப்பார், சீருடையை மாட்டுவதற்கு முன் செய்தியைப் பாருங்கள். விட்ட நாளை ஈடுகட்டப் பின்னால் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள். நவம்பர், டிசம்பர் பயணம் எதையும் சனிக்கிழமை காலையில் தொடங்கும்படி போடாதீர்கள். மதியத்துக்கு மேல் கிளம்புகிற மாதிரி போட்டால் எப்படியும் தப்பிக்கலாம்.