ரிமாண்டுக்குப் பிறகும் போலீஸ் காவல் கேட்பார்கள்: தம்பி வழக்கில் தெரிந்துகொண்டது

தம்பி வேலை பார்த்த இடத்தில் கணக்கில் பணம் குறைகிறது என்று புகார் கொடுத்து, அவனைக் கைது செய்தார்கள். 2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்தது இது. கைதான 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் சேராது) மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், நிறுத்தினார்கள். அவர் அவனிடம் நேரடியாகக் கேட்ட கேள்வி, "யாராவது அடிச்சாங்களா?" என்பதுதான். அப்புறம் 15 நாள் ரிமாண்ட், அதாவது நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவு.

"ஜெயிலுக்கே அனுப்பிட்டாங்களே" என்று அம்மா உடைந்துபோனார். வக்கீல் சொன்னார்: "அம்மா, இப்ப அவன் கோர்ட்டோட பொறுப்புல இருக்கான். போலீஸ் நெனச்ச நேரத்துல போய் விசாரிக்க முடியாது." நீதிமன்றக் காவல் என்பது அதுதான். ஆள் இருப்பது சிறையில். போலீஸ் அங்கே போய் விசாரிக்க வேண்டுமென்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். நாங்களும் மனு போட்டுப் பார்க்க முடிந்தது. வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் அவன் கையெழுத்தை வாங்கி, சிறை அதிகாரி சான்று போட்டுக் கொடுத்தார்.

போலீஸ் காவலில் ஆள் அவர்கள் வசமே இருப்பான். விசாரணை, பொருளைக் கைப்பற்றுவது, இடத்தை அடையாளம் காட்ட வைப்பது எல்லாம் அப்போதுதான். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் இது கிடைக்காது. மொத்தமாக 15 நாளுக்கு மேலும் தர முடியாது. முன்பு இந்த 15 நாள் ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள்ளேயே முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாள் வரம்புள்ள வழக்கில் முதல் 40 நாளுக்குள்ளும், 90 நாள் வரம்புள்ள வழக்கில் முதல் 60 நாளுக்குள்ளும் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். குடும்பத்தில் ஒருவர் உள்ளே இருந்தால், ஜெயிலுக்குப் போய்விட்டான், இனி ஸ்டேஷன் பயம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்கும் அதுவே நடந்தது. இரண்டு வாரம் கடந்த பிறகு ஐந்து நாள் போலீஸ் காவல் கேட்டு மனு வந்தது. கணக்குப் புத்தகங்களும் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டுவிட்டன, ஐந்து நாள் எதற்கு என்று வக்கீல் எதிர்த்து வாதாடினார். இரண்டு நாள் மட்டும் கிடைத்தது. போகும்போதும் திரும்பும்போதும் மருத்துவப் பரிசோதனை, இடையில் வக்கீல் சந்திக்க அனுமதி என்ற நிபந்தனைகளோடு. அரசு மருத்துவமனை டாக்டர் அவன் முழங்கையில் இருந்த பழைய தழும்பைக்கூட விடாமல் எழுதினாராம். அந்தக் காகிதம் இல்லாமல் யாரையும் அனுப்பிவிடக் கூடாது. புதுக் காயம் எது, பழையது எது என்று நாளைக்கு யார் சொல்வது?

அந்த இரண்டு நாளில் அவனிடம் வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்தினார். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டுமே எடுபடும். வக்கீல் இதை விளக்கிய பிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

தம்பிக்குச் சில வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் அடுத்த வழியையும் வக்கீல் தயாராக வைத்திருந்தார். அவன் மேல் போட்ட பிரிவுகளுக்கு 60 நாள்தான் வரம்பு. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணி, அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் தானாக விட மாட்டார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் நாம்தான் மனு போட வேண்டும்.