ஈதனைக் காப்பாத்த ஏலாது

நேத்து ராவு கல்லடியில மச்சான்ட வீட்டில இருந்து 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' கேமைத் திரும்ப முடிச்சன். நாம தெரிவு செய்யிறதை வச்சுக் கதை போற இந்த கேமை டெல்டேல் எண்ட நிறுவனம் 2014 டிசம்பர் தொடங்கி 2015 நவம்பர் வரை ஆறு பாகமா விட்டது. டிவி தொடர்ல வாற ஸ்டார்க் குடும்பத்து ஆக்கள்ர கதையில்ல, இரும்புமரக் காட்டைக் காக்கிற ஃபொரெஸ்டர் குடும்பத்தின்ட கதை.

"எதைத் தெரிவு செஞ்சாலும் ஒண்டுதானே நடக்குது" எண்டு கனபேர் குறை சொல்லுறாங்க. உண்மைதான். முதல் பாகத்தில ஃபொரெஸ்டர் வீட்டுச் சின்னப் பொடியன் ஈதன் பணிஞ்சாலும் எதிர்த்தாலும் கொடூரன் ராம்சேயின்ட கத்தி வரும். ஆனா நம்மட வடமோடிக் கூத்தில அபிமன்யு சாவான் எண்டு தெரியாமலா விடிய விடியக் களரியைச் சுத்தி இருக்கம்? அவன் எப்பிடி நிண்டு சாகிறான் எண்டு பார்க்கத்தானே! அந்த 'எப்பிடி'யை என்ட கையில தந்தது இந்த கேம்.

அஞ்சாம் பாகத்தின்ட கடைசியில அஷரா, ரொட்ரிக்கா? ஈதன்ட அண்ணன்மார் ரெண்டு பேரில ஒருத்தனை விட்டிட்டுத்தான் மத்தவன் தப்பலாம். ரெண்டு தடவையும் ரொட்ரிக்கத்தான் விட்டன். ரெண்டு தடவையும் கை நடுங்கினது.

2018ல நிறுவனம் மூடப்பட்டிட்டு, ரெண்டாம் சீசன் வரவேயில்ல. மிஞ்சின ஃபொரெஸ்டர் ஆக்களுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு இப்பவும் யோசிக்கிறன்.