ஒரே ஒரு ஜி கூடிப் போனா

உதட்டோரம் கொப்புளம் கிளப்பற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸ் பத்தி படிச்சுட்டு தூக்கமே போச்சுங்க. அதுக்குக் குடுக்கற அசைக்ளோவிர் மாத்திரை உள்ள போனதும் சும்மாதான் கிடக்கும், வைரஸோட சொந்த தைமிடின் கைனேஸ் புரோட்டீன்தான் அதுல முதல் பாஸ்பேட்ட ஒட்டிவிடும், மீதி ரெண்ட நம்ம செல்லே ஒட்டிடும், அப்புறம் வைரஸ் டிஎன்ஏ நீளறப்ப நடுவுல போய் உக்காந்து மேல வளரவிடாம அடைச்சிடும். சொந்த செலவுல சூனியம்னா இதான்!

ஆனா அந்த கைனேஸுக்கான ஜீன்ல ஒரு இடத்துல ஜிஜிஜிஜிஜிஜிஜினு டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணான ஜி, 7 வரிசையா நிக்குது (எண்ணிப் பாத்துக்கோங்க), காப்பி எடுக்கறப்ப வழுக்கி 8 ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் மூணு மூணா படிக்கறது மொத்தமும் தப்பு, 376 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரோட்டீன் பாதியிலயே மொட்டையா நின்னுடும். மாத்திரைய எழுப்பிவிட ஆளே இல்ல. அப்ப ஃபாஸ்கார்நெட்ங்கற வேற மருந்துதான், அதுக்கு இந்த கைனேஸ் தயவே வேணாம், வைரஸ் டிஎன்ஏவ காப்பி எடுக்கற பாலிமரேஸ்லயே நேரா கை வைக்கும்.