கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மேலேறும் பாதைகள்

கிராண்ட் கேன்யன் வழியே கொலராடோ ஆற்றில் ராஃப்டிங் செல்பவர்கள் பெரும்பாலும் ரேபிட்ஸைப் (பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடங்களை) பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ, படகைக் கட்டிவிட்டு ஏறிய பக்கப் பள்ளத்தாக்குகளே அதிகம் நினைவில் நிற்கின்றன. இந்த நடைகளுக்கு யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும், ஆறு ஒரே திசையில்தான் அழைத்துச் செல்லும் என்பதால், இன்று வேண்டாம் என்று விட்ட இடத்துக்கு நாளை திரும்ப முடியாது. அந்த எண்ணத்தாலேயே பலர் முடியாத நிலையிலும் கிளம்பிவிடுகிறார்கள்.

புறப்படும் இடமான லீஸ் ஃபெர்ரியிலிருந்து ஏறத்தாழ 53 மைல் தொலைவில் உள்ள நான்கோவீப்பில், ஆற்றுக்குச் சுமார் 700 அடி மேலே, பாறை இடுக்கில் இப்பகுதியின் பழங்குடியினரான மூதாதைப் புவெப்லோ மக்கள் கட்டிய தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், விளைச்சலை வெள்ளமும் எலியும் அண்டாத உயரத்தில் சேமித்திருக்கிறார்கள். பாதை செங்குத்தானது, நிழல் அரிது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் நாட்களில், அதிகாலையில் ஏறுவதே விவேகம். பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து இறங்குபவர்களுக்குக் களைத்த பிறகே ஏற்றம் காத்திருக்கும். நமக்கோ ஏற்றம் முதலில் வருகிறது, திரும்பும்போது குளிர்ந்த ஆறு கீழே இருக்கிறது. (இறக்கத்தில்தான் முழங்கால் கணக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம்.)

டீர் கிரீக் என்ற ஓடையில் தேர்வு இன்னும் எளிது. சுமார் 180 அடி அருவி ஆற்றங்கரைக்கு அருகிலேயே விழுவதால், படகைவிட்டு அதிகம் விலகாமலே அதைப் பார்த்துவிடலாம். மேலே உள்ள குறுகிய பிளவை அடைய, ஒரு பக்கம் பாறைச் சுவரும் மறுபக்கம் ஆழமுமாக, ஒடுங்கிய விளிம்பில் நடக்க வேண்டும். உயரம் கண்டு அஞ்சுபவர்கள் அங்கே திரும்பிவிடுவதில் எந்த இழுக்கும் இல்லை. தெற்குப் பையூட் பழங்குடி மக்களுக்கு அது புனிதமான இடம் என்பதையும் மனத்தில் கொண்டு, குரலைத் தாழ்த்தி நடப்பது நல்லது.

கால்சியம் கார்பனேட் நிறைந்த, நீலப்பச்சை நிற ஹவாசு ஓடையில் பொழுதுபோவதே தெரியாது. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கலாம். நீர் கலங்கினாலோ, மட்டம் உயர்ந்தாலோ, பையையும் படகையும் மறந்து உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும்.